ஓரகத்தி வீட்டு அடுப்படி

கேள்வி: டீச்சர், எனக்கு 36 வயது. என் வீட்டுக்காரர் அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். சொந்த வீடு, படிக்கிற பிள்ளைகள் இரண்டு. குறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பெங்களூரில் இருக்கும் என் ஓரகத்தி, புது வீட்டு அடுப்படியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட நாளிலிருந்து என் வீட்டில் எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. கொழுந்தன் அவளிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக வைத்தாராம். "நமக்குக் கீழ இருக்கவங்களப் பாரு, மனசு ஆறும்" என்கிறார் என் அத்தை. எதிர்வீட்டு அக்கா பீடி சுற்றுகிறார். அவரைப் பார்த்தால் கொஞ்ச நேரம் ஆறத்தான் செய்கிறது. அப்புறம் வெட்கமாக இருக்கிறது. நான் நன்றி கெட்டவளா?

பதில்: அந்த வெட்கம் உங்களுக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம். ஏனென்றால் நான் பீடி சுற்றியவள் மகள்.

முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். அம்மா காலை நீட்டி, மடியில் முறத்தை வைத்துத் திண்ணையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். நனைத்த இலையை அளவுத் தகடு வைத்து வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி நூல் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்து, பிடிக்காததைக் கழித்துப் போடுவார்கள். கழித்ததற்குக் காசு கிடையாது.

காரைவீட்டு அம்மா ஒருவர் சாயங்காலம் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் திண்ணை முன்னால் நிற்பார். "இன்னைக்கு எத்தனை ஆச்சு?" என்பார். ஒரு பெருமூச்சு. பிறகு போய்விடுவார். வந்தபோது இருந்த முகம் வேறு, போகும்போது இருக்கும் முகம் வேறு. அவர் வீட்டில் சண்டை என்றால் கூடக் கொஞ்ச நேரம் நிற்பார். ஒருநாள் அவர் தெரு திரும்பியதும் அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஏட்டி, நம்மளப் பாத்து அவுக மனசு குளுந்து போறாக. அதுக்கும் ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி போட்டா என்னவாம்?"

ஆகவே எதிர்வீட்டு அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள், தாயி.

உங்கள் அத்தை சொன்ன வைத்தியத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். பல் வலிக்குக் கிராம்பு வைப்பது மாதிரி, அந்த நேரத்துக்குக் கேட்கும். ஆனால் ஓரகத்தியை அளந்த முழக்கோல் இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது? மறுபடி ஸ்டேட்டஸைத் திறந்தால் அது தானாக மேலே திரும்பும். இந்த வைத்தியத்தை அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்று இரண்டு உளவியலாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2003இல் கட்டுரை வந்தது. கல்லூரிப் பிள்ளைகளில் ஒரு கூட்டத்தை, நன்றியோடு நினைக்கிற விஷயங்களைத் தினமும் எழுதச் சொன்னார்கள். இன்னொரு கூட்டம் அன்றைய எரிச்சல்களை எழுதியது. மூன்றாவது கூட்டம் எழுதியது, 'மற்றவர்களைவிட நான் எதிலெல்லாம் மேல்' என்று. அதாவது உங்கள் அத்தை கூட்டம். எரிச்சலை எழுதியவர்களைவிட நன்றி எழுதியவர்கள் தெம்பாக இருந்தார்கள். எல்லா அளவையிலும் இல்லை, சிலவற்றில்.

நான் ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிப் பார்க்கிறேன். யாரையும் தொடாமல் எழுத வேண்டும், அதுதான் கஷ்டம். "பக்கத்து வீட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை, எங்களுக்கு வந்தது" என்று கை தானாக எழுதும். அடித்துவிட்டு, "காலையில் குழாயில் தண்ணீர் வந்தது" என்று எழுதுவேன். நேற்று எழுதியது: மாவு புளிக்காமல் நின்றது. அவ்வளவுதான். சில நாள் எழுத ஒன்றுமே கிடைக்காது. அன்றைக்கு விட்டுவிடுவேன்.

ஒப்பிடவே கூடாது என்று சொன்னால் யாராலும் முடியாது. தன்னைப் போல இருக்கிறவர்களோடுதான் மனிதன் தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பான் என்று ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இலேயே எழுதினார். சிங்கம்பட்டி அரண்மனையைப் பார்த்து உங்களுக்கு வயிறு எரியாது. ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவளைப் பார்த்தால் எரியும். ஸ்டேட்டஸை மியூட் செய்யுங்கள்; அவளுக்குத் தெரியப் போவதில்லை.

கடிதத்தில் ஒரு வரியை நான் நாலு தடவை படித்தேன். சிம்னி என்ன விலை, மேடைக் கல் என்ன நிறம் என்று எதுவும் நீங்கள் எழுதவில்லை. 'கேட்டுக் கேட்டு வைத்தாராம்' என்பதை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அடுப்படி மேடை எவ்வளவு உயரம் வேண்டும் என்று உங்களை யாராவது கேட்டார்களா? இது ஓரகத்தி விவகாரம் இல்லை. ஞாயிறு மத்தியானம் கடை பூட்டியிருந்தால், சாப்பிட்டதும் உங்கள் வீட்டுக்காரரை ஒரு வேளைப் பாத்திரம் கழுவச் சொல்லுங்கள். மேடை உயரம் அவர் இடுப்புக்கே தெரிந்துவிடும். பேச்சை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.