அட்டெண்டர் (மருத்துவமனையில் துணைக்கு இருப்பவர்) இல்லாத நோயாளிகளுக்கு: கேள்வி பதில்

அரசு மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புற்றுநோய், சிறுநீரக வார்டுகளில்தான் பெரும்பாலும் வேலை. தனியாக இருந்துகொண்டு பெரிய நோயோடும் காசுக் கஷ்டத்தோடும் மல்லுக்கட்டுகிறவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு டோஸ் என்பதற்கெல்லாம் உங்கள் டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும். அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா, எனக்கு 41 வயது. திருமணம் ஆகவில்லை. சென்னையில் வாடகை ரூமில் இருக்கிறேன். மார்பகப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. வேலையும் போய்விட்டது. கையில் இருப்பது ஒன்றே கால் லட்சம். முதலில் எங்கே போவது?

அந்த ஒன்றே கால் லட்சத்தைத் தூக்கிக்கொண்டு தனியார் மருத்துவமனைக்கு மட்டும் போகாதீர்கள். ஸ்கேன், பயாப்ஸி, முதல் கீமோவோடு அது கரைந்துவிடலாம். அதன்பிறகு பாதிச் சிகிச்சையில் அரசு மருத்துவமனைக்கு மாறி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வரப்போகிறீர்கள் என்றால் முதலிலேயே வந்துவிடுங்கள்.

சென்னையில் ராஜீவ் காந்தி, ராயப்பேட்டை அரசு மருத்துவமனைகளில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் அரசுடையது அல்ல, அறக்கட்டளை நடத்துவது. ஆனால் வசதியில்லாதவர்களுக்குச் சலுகை உண்டு.

கையோடு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு எழுதிப் போடுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, வேலை போனதை வி.ஏ.ஓ.விடம் நேரில் சொல்லுங்கள். பழைய சம்பளத்தைப் பார்த்து அவரே ஒரு தொகை போட்டுவிடக்கூடாது. ஊரில் அப்பா, அம்மா கார்டில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா, அவர்களிடம் ஏற்கெனவே காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயரை நீக்கி வேறு கார்டு வாங்க இது நேரமில்லை.

உங்கள் சேமிப்பு வாடகைக்கு, சாப்பாட்டுக்கு, ஆட்டோவுக்கு. ஆபரேஷனுக்குத் திட்டம் இருக்கிறது. ஆறு மாதம் சம்பாதிக்காமல் சாப்பிடத் திட்டம் கிடையாது.

அட்டெண்டர் இல்லாமல் அட்மிட் செய்ய மாட்டோம் என்கிறார்கள். எனக்கு யாரும் இல்லையே, மேடம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. வார்டில் ஒரு நர்ஸ் எத்தனை பேரைப் பார்ப்பார்? மாத்திரை வாங்கி வர, ரத்தத்தை லேபுக்குக் கொண்டுபோக, பாத்ரூமுக்குக் கூட்டிப்போக எல்லாவற்றுக்கும் அட்டெண்டரை நம்பித்தான் நம் மருத்துவமனைகள் நடக்கின்றன. அது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் வார்டில் நின்று சண்டை போட்டால் அந்தச் சிஸ்டர்தான் அழுவார்.

அட்மிஷனுக்கு முன்பே ஆர்.எம்.ஓ.வையோ (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) சமூகப் பணியாளரையோ பார்த்து, "எனக்கு ஆள் இல்லை, என்ன ஏற்பாடு?" என்று கேளுங்கள். அட்மிஷன் நாள் காலையில் கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எல்லா நாளும் ஆள் வேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள். ஆபரேஷன் அன்றும் அடுத்த இரவும் கட்டாயம் வேண்டும். டே-கேர் கீமோ, அதாவது அன்றைக்கே வீடு திரும்புவது என்றால் வீட்டுக்குத் திரும்பும்போது ஒருவர் போதும். "பத்து நாள் கூட இரு" என்றால் ஓடிவிடுகிற நண்பர், "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வந்து என்னை வீட்டில் விட்டுவிடு" என்றால் வருவார்.

கையெழுத்துக்குச் சொந்தக்காரர் வேண்டும் என்றால் பயப்பட வேண்டாம். நினைவோடு இருக்கிற, வயது வந்த ஒருவர் தன் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் கொடுக்கலாம்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாலு வருடமாக இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். இப்போது கேன்சர். லீவு போட்டால் சம்பளம் இல்லை என்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே கீமோ எடுக்கலாமா அக்கா?

தம்பி, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) என்றால் மருந்து மட்டும் என்று நினைத்துவிட்டீர்கள். உடம்பு முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கொடுப்பார்கள், ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி என்று ஒன்று உண்டு. புற்றுநோய், காசநோய், சிறுநீரகச் செயலிழப்பு என்று 34 நீண்டகால நோய்கள் அதில் வருகின்றன. சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை கிடைக்கும். இரண்டு வருடமாவது வேலையில் இருந்து, அதற்குள் 156 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். நாலு வருடம் விடாமல் கட்டியிருந்தால் உங்களுக்குப் பொருந்தும்.

இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழைத் தேதி விடாமல் வாங்கிக் கிளை அலுவலகத்தில் கொடுங்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் அந்த நாட்களின் பணம் சிக்கிக்கொள்ளும். இந்த உதவித்தொகை வாங்குகிற காலத்தில் முதலாளி உங்களை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆவது பிரிவு சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்தில் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, இப்போதைய நிலையைக் கிளை அலுவலகத்தில் கேளுங்கள். யாராவது ராஜினாமா கடிதம் எழுதிக் கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள். "கணக்கு முடித்துக்கொள், பி.எஃப். வாங்கிக்கலாம்" என்று நல்லவர் மாதிரிதான் கேட்பார்கள். நோய்க்காக பி.எஃப். முன்பணம் எடுக்க வேலையை விட வேண்டியதே இல்லை.

கீமோ முடிந்து ரூமுக்கு வந்தால் இரவில் பயமாக இருக்கிறது. ஏதாவது ஆகிவிட்டால்?

ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கீமோவுக்குப் பிறகு முதல் வாரம் கழிந்து இரண்டாம் வாரம் முடியும் வரை வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்கக்கூடாது. வாகனம் இல்லையென்றால் 108. "கீமோ நோயாளி, காய்ச்சல்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

அப்புறம் கதவு. பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன் என்பார்கள், ஆனால் இரவில் உள்தாழ்ப்பாளும் போட்டுவிடுவார்கள். சாவி எதற்கு? வெளியிலிருந்தும் சாவியால் திறக்கிற பூட்டை மட்டும் போடுங்கள். பாத்ரூம் கதவை வெறுமனே சாத்துங்கள், தாழ்ப்பாள் வேண்டாம். தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் வரப்போகிறார்கள்! டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்த வகை, மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை நகல் எல்லாம் ஒரே பையில் கதவருகே மாட்டியிருக்கட்டும்.

சாப்பாட்டில் சூடாகச் சமைத்த எதுவும் சரி. இட்லி, ரசம் சாதம், சத்துமாவுக் கஞ்சி, வேகவைத்த முட்டை. அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு ஆவி பறக்கிற இட்லி கிடைத்தால் வெட்கப்படாமல் வாங்குங்கள். பழைய சோறு, வெட்டி வைத்த பழம், கரும்புச் சாறு மட்டும் அணுக்கள் ஏறும் வரை வேண்டாம்.

வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்கே நானூறு ரூபாய் ஆகிறது.

வீட்டுக்கு அருகில் எந்த அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இருக்கிறது என்று விசாரித்து மாற்றக் கேளுங்கள். வயிற்று வழி டயாலிசிஸ் உங்களுக்குப் பொருந்துமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் அதைத் தனியாளாகச் செய்யச் சுத்தமான இடமும் பொறுமையும் வேண்டும். ஒற்றை ரூமில் நாலு பேரோடு இருப்பவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்னொன்று, "உடம்புக்கு நல்லது" என்று யார் இளநீர் வாங்கிக் கொடுத்தாலும் குடிக்காதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம்.

கடன் ஆப்காரர்கள் வார்டுக்கே போன் போடுகிறார்கள்.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்குக் கூப்பிடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மிரட்டுவதும், உங்கள் போனில் உள்ளவர்களுக்கு அழைத்துச் சொல்வதும் கூடாது. மருத்துவச் சான்றிதழோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதி, தவணையைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். போனில் பேசியது எதுவும் பிறகு நிற்காது. மீட்டர் வட்டிக்காரர் என்றால் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம். நோய்ச் செலவை அடைக்க இன்னொரு ஆப்பில் கடன் வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன், அண்ணி "அப்பவே சொன்னோம், கல்யாணம் பண்ணிக்கோன்னு" என்பார்கள். சொல்லாமலே சமாளித்துவிட முடியுமா?

முடியும். சமாளித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உடம்பு மிக மோசமாக இருக்கிற நாளில் சொல்ல நேர்ந்தால், அன்று அவர்கள் பேசுவதைத் தாங்குகிற தெம்பும் இருக்காது. தெம்பு இருக்கிறபோதே சொல்லிவிடுவது நல்லது.

எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்றில்லை. அண்ணன்தான் முதலில் என்றும் இல்லை. பேச்சு குறைவாகவும் காரியம் அதிகமாகவும் உள்ள ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார், சித்தப்பா மகளோ, பழைய ஆபீஸ் தோழியோ. அவரிடம் முழுதும் சொல்லுங்கள். மற்றவர்களுக்குச் சேதி அவர் வழியாகப் போகட்டும். விசாரிப்புக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லியே பாதி உயிர் போய்விடும், அந்த வேலையை அவர் எடுத்துக்கொள்வார்.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்பவர்களை விட்டுவிடாதீர்கள். அடுத்த நிமிடமே ஒன்றைக் கேளுங்கள்: ஒரு கேஸ் சிலிண்டர், வியாழக்கிழமைச் சாப்பாடு, ரேஷன் கடைக்கு ஒரு நடை. சும்மா வாய்வார்த்தைக்குச் சொன்னவர் யார் என்று அப்போது தெரிந்துவிடும், அவர்மேல் கோபப்படவும் வேண்டாம். அண்ணி என்ன சொன்னாலும் "சரி அண்ணி, அந்தச் சிலிண்டரை மட்டும் புக் பண்ணிடுங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. மருந்தை நிறுத்திவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடுமே என்று தோன்றுகிறது.

இதைப் படித்ததும் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள், இரவிலும் எடுப்பார்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இதே வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். தூக்கமின்மை, தாங்க முடியாத வலி, மனச்சோர்வு மூன்றுமே இப்படி நினைக்க வைக்கும், மூன்றுக்கும் சிகிச்சை இருக்கிறது. வலி அடங்காவிட்டால் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பக் கேளுங்கள். அது சாகப்போகிறவர்களுக்கு மட்டுமான பிரிவு இல்லை.

63 வயது, கட்டைப் பிரம்மச்சாரி. நான் நினைவிழந்தால் யார் முடிவெடுப்பது? வென்டிலேட்டரில் மாதக்கணக்கில் கிடக்க விருப்பமில்லை.

ஐயா, அதை இப்போதே எழுதி வைக்கலாம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முன்கூட்டிய மருத்துவ விருப்பப் பத்திரத்தை அனுமதித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். உங்களுக்காக முடிவெடுப்பவர் பெயரை அதில் எழுதலாம், ரத்த சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, நம்பகமான நண்பராகவும் இருக்கலாம். ஆனால் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். வங்கிக்குப் போகும்போது நாமினியையும் பாருங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நாலு பேர் வரை போடலாம். காலமான அம்மாவின் பெயரே நாமினியாக இருக்கிற கணக்குகள் ஏராளம்.

மதுரையிலிருந்து அடையாறுக்குச் சோதனைக்கு வர ரயிலில் சலுகை உண்டா? துணைக்கு ஆள் இல்லை.

உண்டு. புற்றுநோயாளி சிகிச்சைக்கோ சோதனைக்கோ தனியாகப் போனாலும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுதும் தள்ளுபடி. துணைக்கு ஒருவர் கிடைத்தால் அவருக்கு இந்த வகுப்புகளில் 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, முன்பதிவு கவுன்ட்டரில் கொடுங்கள். லோயர் பெர்த் கேட்டு வாங்குங்கள்.