கூரை சோலார்: மானியம் யாருக்கு?

கேள்வி: வீட்டிலும், ஊர்ப் பள்ளியிலும் சோலார் போட அரசு மானியம் கிடைக்குமா? மின் இணைப்பு காலமான அப்பா பெயரில் உள்ளது.
– வாசகி, தேனி

பதில்: வீட்டுக்கு உண்டு. 2024-இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் மத்திய அரசு 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் தருகிறது. நெட் மீட்டர், அதாவது நீங்கள் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பித் தரும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர், பொருத்துவது மாநில மின்வாரியம். முதலில் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்; விண்ணப்பங்கள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். இந்தியாவில் தயாரான செல் (ஒளியை மின்சாரமாக்கும் சிறு தகடு) கொண்ட பேனல்தானா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் மானியம் இல்லை. கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி, நிழல் விழாத இடம் வேண்டும். பேட்டரி இல்லாத அமைப்பு மின்தடையின்போது தானே நின்றுவிடும். உங்கள் பேனலின் மின்சாரம் வெளியே பாயாமல், மின்கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. பள்ளிக்கு இந்த மானியம் கிடையாது, அது வீடுகளுக்கு மட்டும்.