ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னால் ஊளைச் சத்தம்: பினியன் பேரிங்கைப் பாருங்கள்

சத்தம் பெரும்பாலும் டிஃபரென்ஷியலின் (பின் அச்சின் நடுவே, எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) பினியன் பேரிங்கிலிருந்து வருகிறது. பினியன் என்பது அந்தப் பெட்டிக்குள் விசையைக் கொண்டுசெல்லும் சிறு பல்சக்கரம். மண்டபம் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் ஊளை எழுகிறது, மிதித்தால் அடங்குகிறது என்கிறீர்கள். வீல் பேரிங் என்றால் வளைவில் திரும்பும்போது சத்தம் மாறும். அப்படி மாறவில்லை என்றால் அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

தனுஷ்கோடியில் சாலையேறிய கடல்நீரில் ஓட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. சூடான டிஃபரென்ஷியல் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறையும். அந்த அழுத்தத்தைச் சமன்செய்யும் காற்றுக்குழாயை மணல் அடைத்திருந்தால், ஆயில் சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும்.

1. ஆயில் நிரப்பும் போல்ட்டைக் கழற்றி விரலால் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறம் என்றால் நீர் புகுந்துவிட்டது. அன்றே ஆயிலை மாற்றுங்கள்.

2. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் பினியன் ஃபிளாஞ்சை (எஞ்சின் பக்கமிருந்து வரும் சுழல்தண்டு டிஃபரென்ஷியலோடு சேரும் வட்டத் தகடு) பிடித்து அசையுங்கள். சுழற்றும்போது சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது.

யார் சொன்னாலும் பினியன் நட்டை மட்டும் இறுக்கிப் பார்க்காதீர்கள். உள்ளே நசுங்கும் ஸ்லீவ் இருக்கும் வகை டிஃபரென்ஷியலில், அப்படி இறுக்கினால் பேரிங் அளவுக்கு மீறி இறுகிச் சூடேறி அழிந்துவிடும். லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும்) வகையானால் கையேட்டில் சொன்ன ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்ற வேண்டாம்.