கோட்டை வாசலும் தேடுபொறியும்

கேள்வி: தரம் 10 இல் கற்கும் என் மகளுக்குத் திருகோணமலைக் கோட்டையைப் பற்றி ஓர் ஒப்படை தரப்பட்டுள்ளது. கூகுளில் தேடினால் தங்குவிடுதி விளம்பரங்களும் சுற்றுலாக் காணொளிகளுமே வருகின்றன. தமிழில் எழுதப்பட்ட பழைய கட்டுரைகளையும் நூல்களையும் எப்படித் தேடுவது?
- வாசகி ஒருவர், உப்புவெளி

பதில்: தேடுபொறி உங்கள் மனத்திலுள்ளதை ஓரளவுக்குத்தான் ஊகிக்கும், பெரும்பாலும் நீங்கள் இட்ட சொல்லைத்தான் அது பிடித்துக்கொள்ளும். ஆகவே, அந்தக் கட்டுரையை எழுதியவர் எந்தச் சொல்லைக் கையாண்டிருப்பார் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நம் ஊரின் பெயரையே ‘திருகோணமலை’ என்று சிலரும் ‘திருக்கோணமலை’ என்று சிலரும் எழுதுகிறார்கள்; கோட்டைக்குள் இருக்கும் சிவன் கோயிலைப் பற்றி எழுதுவோர் ‘திருக்கோணேச்சரம்’, ‘கோணேஸ்வரம்’, ‘தட்சிண கைலாயம்’ என்கிறார்கள். கோட்டையின் பெயரோ பிரெட்ரிக், பிரட்ரிக், பிரடெரிக் என்று ஆளுக்கொரு விதமாக எழுதப்படுகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே இட்டுத் தேடுவது சலிப்பான வேலைதான், ஆனால் பலன் அதில்தான் இருக்கிறது.

இரட்டை மேற்கோட்குறிக்குள் இட்ட சொற்றொடரைத் தேடுபொறி அதே வரிசையில் தேடும். கோட்டை வாசலில் உள்ள, குளக்கோட்டன் என்னும் மன்னன் அக்கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கியர் (போர்த்துக்கேயர்) பிரிப்பர் என்று முன்னுரைக்கும் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பாடலைப் பலரும் பாட வேறுபாடுகளுடன் எழுதியிருப்பதால், முழு அடியையும் இட்டால் ஏமாற்றமே மிஞ்சும். “முன்னே குளக்கோட்டன்” என்னும் இரு சொற்களை மட்டும் மேற்கோட்குறிக்குள் இடுவது நல்லது. இடையில் ‘கோணேசர் கல்வெட்டு’ என்று ஒன்று எதிர்ப்பட்டால், அது கல்லில் வெட்டப்பட்டதன்று, கோயில் நடைமுறைகளைக் கூறும் ஓர் இலக்கிய நூல் என்பதை மகளுக்குச் சொல்லிவையுங்கள். விடுதி விளம்பரங்களை விலக்க, ஓர் இடைவெளி விட்டுக் கழித்தல் குறியை ஒட்டி ‘ஹோட்டல்’ என்று சேர்க்கலாம்.

இனி முக்கியமான சிக்கலுக்கு வருகிறேன். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோட் பரவுவதற்கு முன் நம்மவர்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணங்கள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்குள் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகவே பதிவாகியிருக்கின்றன. அவற்றை யுனிகோட் தமிழில் எத்தனை முறை தேடினாலும் அகப்படா. மின்வருடிய பழைய நூல்களும் வெறும் படங்களாகவே இருந்தால், அவற்றின் உள்ளே இருப்பதைத் தேடுபொறி படிப்பது அரிது. அத்தகைய நூல்களுக்கு, 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகத்துக்கு நேரே சென்று, நூற்பெயரைக் கொண்டும் ஆசிரியர் பெயரைக் கொண்டும் தேடுங்கள். கூகுளிலிருந்தே அங்கு தேட விரும்பினால், தேடற்சொல்லுக்குப் பின் ஆங்கிலத்தில் ‘site’ (சைட்) என்று எழுதி, முக்காற்புள்ளியும் அத்தளத்தின் முகவரியும் இடைவெளியின்றி இடுங்கள்.

தேடல் முடிவுகளின் மேற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்கத்தை அப்படியே ஒப்படையில் எழுத வேண்டாம். போர்த்துக்கேயர் கோயிலை இடித்தது 1622 இல், அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியது 1624 இல். இரண்டையும் ஒரே ஆண்டு நிகழ்வாகக் கலந்து எழுதும் பக்கங்களை மனிதர்களே எழுதியிருக்கும்போது, அவற்றைப் படித்துச் சுருக்கும் இயந்திரத்தை மட்டும் நோவானேன்?

உப்புவெளியிலிருந்து கோட்டை வாசலுக்குப் பேருந்தில் சிறிது நேரம்தான். அந்தக் கல்லில் இன்று வாசிக்கக்கூடிய எழுத்துகளை மகள் தன் குறிப்பேட்டில் எழுதிவந்தால், அவற்றையே அடுத்த தேடற்சொல்லாக இடலாம்.