நம் சூரியக் குடும்பத்துக்குள்ளேயே அறிவுள்ள வேற்றுலக உயிர்கள் இருக்க வாய்ப்புண்டா?

நுண்ணுயிர் என்று கேட்டிருந்தால் 'இருக்கலாம்' என்றிருப்பேன். அறிவுள்ள உயிர் என்றால், என் கணிப்பில் இல்லை. ஆனாலும் அடித்துச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

நான் இருப்பது ஊட்டிக்குப் பக்கத்தில், முத்தோரையில். கேரட் தோட்டங்களுக்கு நடுவே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி படுத்துக் கிடக்கிறது. 1970-இல் அமைத்தது. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 எவர்சில்வர் கம்பிகள்தான் அதன் முகம். சரிவின் சாய்வு சுமார் 11 பாகை. இந்த இடத்தின் அட்சரேகையும் அதேதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைகிறது; ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரம் பின்தொடரலாம். இப்படி ஒரு சரிவைத் தேடிப் பிடித்தவர்களுக்கு ஒரு கும்பிடு! ஆடி மாதத்தில் எதிர்வீட்டு ஓடுகூடத் தெரியாது. ரேடியோ அலைக்கு அந்த மூடுபனி ஒரு பொருட்டே இல்லை.

கேரட் மூட்டை கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஒருநாள் கேட்டார்: "ஏன் தம்பி, மேலே யாராவது பேசினால் இதில் கேட்குமா?"

பக்கத்துக் கிரகத்தில் ரேடியோ வைத்துப் பேசுபவர்கள் இருந்தால், உலகத்தின் ஏதோ ஒரு தொலைநோக்கிக்கு இந்நேரம் கேட்டிருக்கும் என்றேன். செவ்வாயில் அறிவுள்ளவர்கள் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள் என்ற பழைய கதையை 1965-இல் மரைனர் 4 விண்கலம் எடுத்த படங்களே முடித்துவைத்தன. வெள்ளியின் தரையில் ஈயமே உருகிவிடும்.

மிச்சம் வியாழனின் நிலா யூரோப்பா, சனியின் நிலா என்செலடஸ். இரண்டிலும் கிலோமீட்டர்க் கணக்கில் தடித்த பனிக்கட்டி ஓடு, அதற்கடியில் உப்புக் கடல். அங்கே பேச்சு நடந்தாலும் நமக்குக் கேட்காது. மூடுபனியைத் தாண்டும் அலை உப்புநீரில் அடங்கிப்போகும். என் தயக்கம் அதனால்தான்.

பிறகு ஏன் இல்லை என்கிறேன்? சாப்பாட்டுக் கணக்கு. மூளை செலவாளி உறுப்பு. நம் எடையில் அது 2 சதவீதம்தான், தின்பதோ உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதம். அவ்வளவு ஆற்றல் எடுக்க ஆக்சிஜன் வேண்டும். நம் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி இருட்டில் வாழும் குழாய்ப் புழுவும் நண்டும்கூட, மேலே வெயிலில் உண்டான ஆக்சிஜனைத்தான் நம்பியிருக்கின்றன. யூரோப்பாவின் மேற்பரப்பில் கதிர்வீச்சு பனிக்கட்டியைச் சிதைத்துக் கொஞ்சம் ஆக்சிஜன் தருகிறது. அது கடல்வரை இறங்க வேண்டுமே. அந்த வரும்படியில் நுண்ணுயிர் அரைவயிற்றோடு காலம் தள்ளலாம், ஆக்டோபஸால் முடியாது. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-இல் வியாழனை அடைந்தால், அங்கே உயிர் வாழச் சூழல் உண்டா என்று பார்க்கும்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூட்டையைத் தைத்து முடித்தார்.

"அப்படியானால் அந்தக் கடலில் இருப்பவர்களுக்கு வருடம் முழுக்க ஆடி மாதம்தான்" என்றார்.