வாசகர் கேள்வி–பதில்: ஹாம் உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு இனியும் வேண்டுமா?

பொழுதுபோக்காக வானொலி நிலையம் இயக்கும் 'ஹாம்'களுக்கான அமெச்சூர் ரேடியோ உரிமத்துக்கு, புள்ளிகளாலும் கோடுகளாலும் எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் குறியீட்டில் தேர்ச்சி கட்டாயமாக இருக்க வேண்டுமா என்பது குறித்து வந்த கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகள் இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

கேள்வி: மோர்ஸ் தேர்வு எழுதித்தான் நான் ஹாம் ஆனேன். இன்று அது இல்லாமலே உரிமம் கிடைக்கிறது. உழைக்காமல் கிடைப்பதை யாரும் மதிப்பதில்லை. அலைவரிசைகளில் ஒழுங்கு குறைந்ததற்கும் இதுதான் காரணம். மோர்ஸை மீண்டும் கட்டாயமாக்க வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா?

பதில்: ஏற்கவில்லை. மோர்ஸில் உரையாடுவதை இந்தக் கலையின் மிக அழகான பகுதியாகக் கருதுபவன் நான்; அப்படியிருந்தும் அதை உரிமத்துக்கு நிபந்தனையாக வைப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த நிபந்தனை எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1927இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு அமெச்சூர்களுக்கு அலைவரிசைகளை ஒதுக்கியபோது, நிலையத்தை இயக்குபவர் மோர்ஸில் அனுப்பவும் படிக்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றும் விதித்தது. அன்றைக்குக் கப்பல்களும் கரை நிலையங்களும் பேசிக்கொண்டது மோர்ஸில். கடலில் ஆபத்தில் சிக்கியவர்களின் அழைப்பு வந்ததும் மோர்ஸில். ஓர் அமெச்சூரின் அலை அதற்குக் குறுக்கே விழுந்துவிட்டால், உடனே நிறுத்தும்படி வரும் கட்டளையைப் படித்துப் புரிந்துகொள்ள அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. போர் மூண்டால் பயிற்சி பெற்ற தந்தியாளர்கள் தேவைப்படுவார்கள் என்ற கணக்கும் அரசுகளுக்கு இருந்தது. ஆக, அது பிறருடைய உயிரையும் பாதுகாப்பையும் முன்னிட்டு எழுந்த, முற்றிலும் நியாயமான விதி.

அந்த நியாயம் பின்னர் படிப்படியாகத் தேய்ந்தது. 1959இல் 144 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும், 1979இல் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் மோர்ஸ் இல்லாமலே அனுமதி தரலாம் என்று சர்வதேச விதிகள் தளர்ந்தன. 1999 பிப்ரவரி 1 அன்று கடல்சார் அபாய அறிவிப்பு முறை முழுமையாகச் செயற்கைக்கோள்களுக்கும் டிஜிட்டல் அழைப்புக்கும் மாறியபோது, விதியின் அடித்தளமே போய்விட்டது. 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக ரேடியோ மாநாடு, மோர்ஸ் தேர்வு வேண்டுமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளட்டும் என்றது. பிரிட்டன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகியவை அதே ஆண்டில் தேர்வைக் கைவிட்டன; அமெரிக்காவில் அது 2007 பிப்ரவரி 23 அன்று முடிவுக்கு வந்தது.

உரிமம் என்பது எதற்காகத் தரப்படுகிறது? அலைக்கற்றை எல்லோருக்கும் பொதுவானது. அதில் ஒருவரை இறங்க அனுமதிக்கும் முன், அவரால் மற்றவர்களுக்குத் தீங்கு நேராது என்பதை அரசு உறுதி செய்துகொள்கிறது. ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் டிரான்ஸ்மிட்டரை நிறுத்தத் தெரியுமா, அதன் மடங்கு அலைகள் (இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வெண்களில் கூடவே எழும் வேண்டாத அலைகள்) வேறொரு சேவையைக் கெடுக்காமல் வடிகட்டத் தெரியுமா, ஆன்டெனாவை மின்கம்பிகளுக்கு அருகில் கொண்டுபோகாத எச்சரிக்கை உண்டா, அதன் முன்னால் மனிதர்கள் எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்று கணக்கிடத் தெரியுமா என்பவையே தேர்வு கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றில் ஒன்று தெரியாவிட்டாலும் பாதிக்கப்படுவது இன்னொருவர். மோர்ஸ் தெரியாத ஒருவர் குரலில் பேசுவதால் எவருக்கும் இழப்பில்லை.

ஒழுங்கைப் பற்றிய உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் மோர்ஸ் கட்டாயமாக இருந்த காலத்திலும் பிறர் உரையாடலை வேண்டுமென்றே கெடுத்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் நேர்ந்தது. அவர்கள் எல்லோரும் அந்தத் தேர்வில் தேறியவர்களே. விடாமுயற்சியைச் சோதிக்கும் ஒரு தேர்வு பண்பையும் சேர்த்துச் சோதித்துவிடும் என்று நம்ப இடமில்லை. நீங்கள் மோர்ஸுக்காகப் பட்ட பாடு உயர்வானதுதான். இன்னொருவர் அதைப் படவில்லை என்பதால் அதன் உயர்வு குறையாது.

கேள்வி: பேரிடரில் மற்றவையெல்லாம் செயலிழக்கும்போது மோர்ஸ்தானே கைகொடுக்கும்? அதற்காகவாவது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

பதில்: இந்த வாதத்தின் முதல் பாதி வலுவானது. மோர்ஸ் சமிக்ஞைக்கு ஏறக்குறைய 150 ஹெர்ட்ஸ் அகலம் போதும். ஹாம்கள் குரலை அனுப்பும் வழக்கமான முறையான ஒற்றைப் பக்கப்பட்டைக்கு 2,500 ஹெர்ட்ஸ் அளவில் தேவைப்படுகிறது. ரிசீவரின் வடிகட்டியை 250 ஹெர்ட்ஸுக்குச் சுருக்கினால், குரலுக்காகத் திறந்து வைத்திருந்தபோது நுழைந்த இரைச்சலில் பத்தில் ஒரு பங்குதான் நுழையும். குரல் மூழ்கிப்போகும் இடத்தில், 5 வாட்டில் அனுப்பிய மோர்ஸ் தெளிவாகக் கேட்பது இதனால்தான். டிரான்ஸ்மிட்டரும் எளிது: ஒரு படிக அலையியற்றி, அதன் பின் ஒரு மின்பெருக்கி, ஒரு வடிகட்டி, அழுத்துவதற்கு ஒரு கீ.

2017இல் வந்த எஃப்.டி.8 என்ற கணினி முறை, மோர்ஸைக் காதால் பிரித்தெடுக்க முடியாத இரைச்சலிலும் வேலை செய்கிறது என்று சிலர் சுட்டிக்காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அதில் சொந்தமாக எழுதும் செய்தி ஒரு முறைக்கு 13 எழுத்துகளைத் தாண்ட முடியாது, ஒவ்வொரு முறைக்கும் 15 விநாடி ஆகும். தொடர்பு கிடைத்ததைப் பதிவு செய்ய அது போதும். எந்த மருந்து, எத்தனை பேருக்கு, எந்த வழியாகக் கொண்டுவர வேண்டும் என்பதைச் சொல்ல அது பொருந்தாது. மோர்ஸுக்கு அந்தத் தடை இல்லை.

உங்கள் வாதத்தின் இரண்டாம் பாதியில்தான் நான் மாறுபடுகிறேன். தேர்வுக்காகக் கற்ற மோர்ஸ் பேரிடரில் பயன்படுமா? பல நாடுகளில் இறுதி ஆண்டுகளில் கேட்கப்பட்ட வேகம் நிமிடத்துக்கு 5 சொற்கள். அந்த வேகத்தில் 50 சொற்கள் கொண்ட ஒரு செய்தியை அனுப்பப் பத்து நிமிடம் ஆகும். நடுவில் ஒரு சொல் தவறினால் மீண்டும் கேட்க வேண்டும். தேர்வு முடிந்ததும் கீயைத் தொடாதவருக்குச் சில ஆண்டுகளில் அந்த 5 சொற்களும் மறந்துபோகும். நிவாரணப் பணியில் பெரும்பாலான செய்திகள் கையடக்கக் கருவிகள் வழியாகக் குரலில்தான் செல்கின்றன; அங்கே குழப்பம் வருவது, சுருக்கமாகப் பேசவும் கேட்டதைப் பிழையின்றி எழுதிக்கொள்ளவும் பழகாதவர்களால். மோர்ஸ் வல்லுநர்கள் சிலர் ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும் என்பதை நான் மனமார ஆதரிக்கிறேன். அவர்களை உருவாக்குவது தொடர்ந்த பயிற்சியே. என்றோ ஒருநாள் எழுதிய தேர்வு அல்ல.

கேள்வி: மோர்ஸ் தேர்வு எழுதாமல் உரிமம் பெற்றவர், பின்னர் மோர்ஸில் ஒலிபரப்ப அனுமதி உண்டா?

பதில்: நாட்டுக்கு நாடு விதி வேறுபடும், உங்கள் உரிமத்தில் எந்த ஒலிபரப்பு வகைகள் அனுமதிக்கப்பட்டுள்ளன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் தொடக்க நிலை உரிமத்தினருக்கே 80, 40, 15, 10 மீட்டர் அலைவரிசைகளின் சில பகுதிகளில் மோர்ஸ் அனுமதி உண்டு.

கேள்வி: ஆர்வத்தால் மோர்ஸ் கற்கிறேன். நிமிடத்துக்கு 10 சொற்களுக்கு அருகில் வந்து அப்படியே நின்றுவிட்டேன். எனக்குத் திறமை இல்லையா?

பதில்: திறமைக் குறைவு இல்லை. இந்தத் தேக்கம் மிகப் பழையது. பிரையன், ஹார்ட்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1897இலேயே தந்தியாளர்கள் கற்கும் விதத்தை ஆராய்ந்து, செய்தியைக் கேட்டு எழுதும் திறன் சில நிலைகளில் முன்னேறாமல் நின்று, பிறகு மீண்டும் ஏறுவதைப் பதிவு செய்தார்கள். தனித்தனி எழுத்துகளைக் கேட்பதிலிருந்து முழுச் சொற்களைக் கேட்கும் பழக்கத்துக்கு மனம் மாற அவகாசம் தேவைப்படுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

பழைய தேர்வுமுறை செய்த கெடுதலும் இங்கேதான் இருக்கிறது, அதில் எனக்குக் கோபமே உண்டு. நிமிடத்துக்கு 5 சொற்கள் என்ற வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 240 மில்லிவிநாடி. புள்ளிகளையும் கோடுகளையும் மனத்தில் எண்ணி, அட்டவணையில் தேடி, எழுத்தைக் கண்டுபிடிக்க அந்த வேகம் இடம் தருகிறது. 20 சொற்களில் புள்ளி 60 மில்லிவிநாடிதான். அங்கே எண்ணவே முடியாது. 5 சொற்களுக்குத் தயாரானவர்கள் எண்ணும் பழக்கத்தை வேரூன்ற வைத்துக்கொண்டு, 10 சொற்களை எட்டியதும் முட்டிக்கொண்டு, மோர்ஸே தமக்கு வராது என்று கீயை மூட்டை கட்டிவிட்டார்கள். மோர்ஸைக் காப்பதாகச் சொன்ன தேர்வே பலரை அதிலிருந்து விரட்டியது.

ஆகவே அட்டவணையை மறந்துவிடுங்கள். ஒவ்வோர் எழுத்தையும் 18 அல்லது 20 சொற்களுக்குரிய வேகத்தில் ஒலிக்கவிட்டு, எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் நீட்டிக்கொள்ளும் ஃபார்ன்ஸ்வொர்த் முறை உங்களுக்குப் பொருந்தும். முதலிலிருந்து தொடங்க மனமிருந்தால் ஜெர்மன் உளவியலாளர் லுட்விக் கோக் 1930களில் வகுத்த முறை இன்னும் நல்லது: முழு வேகத்தில் இரண்டே எழுத்துகளுடன் தொடங்கி, பத்தில் ஒன்பதைச் சரியாக எழுதும் நிலை வந்ததும் அடுத்த ஓர் எழுத்தைச் சேர்க்க வேண்டும். நாளுக்குக் கால் மணி நேரம் போதும். விட்டுவிட்டு ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்காருவதால் பயன் குறைவு.

கேள்வி: கட்டாயம் நீங்கினால் மோர்ஸ் அடுத்த தலைமுறையோடு அழிந்துவிடாதா?

பதில்: இதுவரை அப்படி நடக்கவில்லை. கையால் அழுத்தும் பழைய வகைக் கீக்களை விரும்புவோருக்கான சங்கம் 2006இல் தொடங்கியது. மோர்ஸை நேரடியாகக் கற்றுத்தரும் இணைய வகுப்புகளைக் கட்டணமின்றி நடத்தும் 'சி.டபிள்யூ.ஆப்ஸ்' குழு 2010இல் பிறந்தது. இரண்டும் தேர்வு கைவிடப்பட்டு வந்த ஆண்டுகளில் எழுந்தவை. யாரும் வற்புறுத்தாமல் வருபவர்கள் நிலைக்கிறார்கள் என்பதற்கு இவற்றையே நான் சாட்சியாகக் காட்டுவேன்.

உங்கள் காது எந்த அளவுக்குப் பழகியிருக்கிறது என்று அறிய 14.100 மெகாஹெர்ட்ஸுக்கு ரிசீவரைத் திருப்பலாம். ரிசீவர் இல்லையென்றால் இணையவழி ரிசீவர்கள் உண்டு. உலகின் பல மூலைகளில் உள்ள 18 வழிகாட்டி நிலையங்கள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் பத்து விநாடி வீதம், 3 நிமிடச் சுழற்சியில் ஒலிக்கின்றன. முதலில் 22 சொற்கள் வேகத்தில் நிலையத்தின் அழைப்புக்குறி (அதை அடையாளம் காட்டும் எழுத்து–எண் பெயர்) வரும். பிறகு நான்கு நீண்ட கோடுகள் 100, 10, 1, 0.1 வாட் என்று இறங்கிக்கொண்டே போகும். சுழற்சி மூன்று நிமிடத்தில் திரும்ப வருவதால், முதல் முறை தவறிய அழைப்புக்குறியை அடுத்த முறை பிடிக்கலாம்.