சமூகம் கட்டடத்தை உருவாக்குகிறதா, கட்டடம் சமூகத்தை உருவாக்குகிறதா?

இரண்டும் நடக்கும். செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். அவற்றைக் கட்டிய வணிகச் சமூகமான நகரத்தாரின் ஆண்கள் பர்மா, மலாயா என்று கடல் கடந்து வட்டித்தொழில் செய்தார்கள். அந்தப் பணமும் பர்மாத் தேக்கும் இங்கே வீடுகளாக எழுந்தன. முகப்பு ஆண்களுக்கும் வியாபாரப் பேச்சுக்கும், பின்கட்டு பெண்களுக்கும் சமையலுக்கும் என அன்றைய வழக்கமே சுவர்களை நிர்ணயித்தது. வளவு எனப்படும் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள்தான் எனக்கு மிகவும் வியப்பு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனிச் சமையல், தனிக் கணக்கு. விசேஷம் என்றால் எல்லோருக்கும் ஒரே வளவு.

சரி, கட்டடம் பதிலுக்கு என்ன செய்தது? எளிதில் பங்கு பிரிக்க முடியாத அந்த அமைப்பு, எங்கெங்கோ குடியேறிவிட்ட பங்காளிகளைக் கல்யாணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் இன்றும் ஒன்றாக வரவழைக்கிறது. எல்லா வீட்டுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டாம் உலகப்போரோடு பர்மா வருமானம் போனதும் பராமரிப்பு பாரமானது. இடித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன.